தபசு மரத்துக்கு மேலே

நேயர்களுக்கு வணக்கம்.

வட தமிழகத்தில் திரௌபதி அம்மன் கோயிலில் பாரதத் திருவிழா நடக்கும்போது, திடலில் நெடிய பனைமரம் ஒன்றை நட்டு வைப்பார்கள். அதுதான் தபசு மரம். சிவனிடம் அத்திரம் கேட்டு அர்ச்சுனன் தவம் செய்ததை அதில் ஏறி நடித்துக் காட்டுவார்கள். அர்ச்சுனன் வேடம் கட்டியவர் பாடிக்கொண்டே படிப்படியாக ஏறுவார். உச்சிப் பரணில் பூசை முடித்து, விபூதியும் வில்வமும் எலுமிச்சம்பழமும் கீழே வீசுவார். பிள்ளை வரம் கேட்டு நிற்கும் பெண்கள் மடியேந்திப் பிடிப்பார்கள். பழம் கைக்கு வந்ததும் பாதிப்பேருக்குக் கதை முடிந்த மாதிரி. பாண்டவரின் காட்டு வாழ்வைச் சொல்லும் வியாச பாரத வனபருவத்திலோ அங்கேதான் சூடு பிடிக்கிறது.

தவத்துக்கு முன்பே ஒரு சோதனை வந்துவிடுகிறது. இந்திரகீல மலையில் மெலிந்த தவசி வடிவில், அர்ச்சுனனுக்குத் தந்தையான இந்திரன் எதிர்ப்படுகிறான். "இங்கே வில்லுக்கு வேலையில்லை, கீழே போடு" என்கிறான். அர்ச்சுனன் அசையவில்லை. பிறகு தன் உருவைக் காட்டி, வேண்டிய உலகத்தைக் கேள் என்கிறான். அண்ணன் தம்பிகளைக் காட்டில் விட்டுவிட்டுச் சொர்க்கம் எனக்கெதற்கு, அத்திரங்களைக் கொடு என்பது பதில். முதலில் சிவனைப் பார்த்துவிட்டு வா என்று அனுப்பிவிடுகிறான் இந்திரன். வடமொழியில் கிராதார்ச்சுனீயம் பாடிய பாரவிக்கு இவ்வளவு சுருக்கம் போதவில்லை. பதினெட்டுச் சருக்கக் காவியத்தில் தேவலோக ஆடல்மகளிரான அப்சரசுகளையே படையாக இறக்கிச் சில சருக்கங்களை அவர்களுக்கே ஒதுக்கிவிட்டார்.

தவத்தின் கணக்கை வியாச பாரதம் மாதவாரியாகவே தருகிறது. முதல் மாதம் மூன்று இரவுக்கு ஒருமுறை பழம். இரண்டாம் மாதம் ஆறு இரவுக்கு ஒருமுறை. மூன்றாம் மாதம் பதினைந்து நாளைக்கு ஒருமுறை. நான்காம் மாதம் காற்று மட்டும். கைகளை உயர்த்தி, பிடிமானமில்லாமல், கால்விரல் நுனியில் நிற்பது. மாமல்லபுரத்துப் பெரும்பாறைச் சிற்பத்தில் விலாவெலும்பு தெரிய ஒற்றைக்காலில் நிற்கிற உருவத்தைப் பாருங்கள். அது அர்ச்சுனனா, கங்கையை வேண்டிய பகீரதனா என்ற வழக்கு இன்னும் தீரவில்லை. அர்ச்சுனன் என்றால், சிற்பி பிடித்தது இந்த நான்காம் மாதத்தைத்தான்.

அப்போதுதான் மூகன் என்ற அசுரன் பன்றியாகப் பாய்கிறான். அவனைத் துரியோதனன் ஏவினான் என்று தமிழ்நாட்டில் சொல்வார்கள். உண்மையில் அந்த அரக்கனைக் கொல்வது பெரிய காரியமே இல்லை. இரண்டு அம்பு, ஒன்று அர்ச்சுனனுடையது, மற்றது வேடனாக வந்த சிவனுடையது, சேர்ந்து தைக்கின்றன, பன்றி விழுகிறது. யார் அம்பு முதலில் என்ற தகராறுதான் பெரிதாகிறது. அந்தச் சண்டையில் அர்ச்சுனன் கையிலிருப்பது ஒவ்வொன்றாகப் போகிறது. வற்றாத அம்பறாத்தூணி வற்றுகிறது. காண்டீப வில்லால் அடிக்கிறான், வேடன் அதைப் பறித்துக்கொள்கிறான். வாள் வேடனின் தலையில் பட்டு முறிகிறது. மரம், பாறை, கடைசியில் முட்டி. வேடன் இறுக்கிப் பிடித்ததில் மூச்சு நின்று மயங்கி விழுகிறான். சிவனை வில்லால் அடித்தவன் என்று தமிழ்ப் புலவர்கள் அவனை இன்றும் செல்லமாகக் குற்றம் சாட்டுவது இந்த இடத்துக்காகத்தான்.

தோற்றவனுக்கே சிவனுடைய அத்திரமான பாசுபதம் கிடைக்கிறது, கூடவே ஒரு விதியும். மனத்தால், கண்ணால், சொல்லால், வில்லால், எதனால் வேண்டுமானாலும் ஏவலாம். ஆனால் வலுவில்லாதவன் மேல் ஏவக்கூடாது. ஏவினால் அது உலகத்தையே எரித்துவிடும். சின்ன எதிரிக்குப் பெரிய அத்திரம் ஆகாது என்பதுதான் கணக்கு.

பிறகு இந்திரனின் சாரதி மாதலி தேரோட்ட இந்திரலோகம். அங்கே ஐந்து ஆண்டு. அத்திரப் பயிற்சியோடு, கந்தர்வன் சித்திரசேனனிடம் ஆட்டமும் பாட்டும். ஓர் இரவு அப்சரசு ஊர்வசி அவனை விரும்பி வருகிறாள். அர்ச்சுனன் காதைப் பொத்திக்கொள்கிறான். நீ எங்கள் முன்னோன் புரூரவசின் மனைவி, எங்கள் குலத்துக்குத் தாய், சபையில் உன்னை உற்றுப் பார்த்தது அதனால்தான் என்கிறான். அவள் வாதமும் லேசானதல்ல: அப்சரசுகளுக்கு அந்த முறையெல்லாம் கிடையாது, உன் குலத்தில் மேலே வந்தவர்கள் யாரும் இப்படிச் சொன்னதில்லை. மறுத்தவனுக்குச் சாபம்: ஆண்மையிழந்து, பெண்களுக்கு நடுவே ஆடுகிறவனாக இருப்பாய். இந்திரன் அதை ஓராண்டாகக் குறைத்து, பாண்டவர் மறைந்து வாழவேண்டிய அஞ்ஞாதவாசத்துக்குப் பயன்படச் செய்கிறான். சித்திரசேனனிடம் கற்ற ஆட்டம் விராடன் மகள் உத்தரைக்குப் போய்ச் சேருகிறது. ஆனால் ஒன்று: பல ஏடுகளை ஒப்பிட்டு எடுத்த புனே பண்டார்கர் ஆய்வு நிறுவனத்துப் பதிப்பில் இந்தக் கதை மூலப்பாடத்தில் இல்லை, பிற்சேர்க்கையில்தான் இருக்கிறது. பழைய ஏடுகள் பலவற்றில் இது கிடையாது.

குருதட்சணையாக இந்திரன் கேட்பது நிவாதகவசர்களின் அழிவு. கடலுக்குள் வாழும் மூன்று கோடி அசுரர்கள். தேவர்களால் சாகாத வரம் பெற்றவர்கள். மனிதனைப் பற்றி வரத்தில் பேச்சில்லை. இந்திரனுக்கு மனிதப் பிள்ளை தேவைப்பட்டது அதனால்தான். கல் மழைக்கு மாகேந்திர அம்புகள், நீர் மழைக்கு உலர்த்தும் அத்திரம், நெருப்புக்கு நீர், காற்றுக்கு மலை என்று மாயைக்கு மாயை பதில். பிறகு இருட்டு. குதிரைகள் திரும்பிவிடுகின்றன, மாதலியின் கையிலிருந்து பொன் தாற்றுக்கோல் நழுவுகிறது. இந்திரன் விருத்திராசுரனோடு செய்த போரிலும் கலங்காத மாதலி, "எங்கே இருக்கிறாய்?" என்று கேட்கிறான். வனபருவத்தில் எனக்கு மிகப் பிடித்த வரி அது. அத்திர மாயையால் இருள் கலைகிறது. பிறகு மலைகளை உருட்டித் தேரையே மூடுகிறார்கள். மாதலி சொல்ல, வச்சிர அத்திரம் போகிறது.

திரும்பும் வழியில் வானத்தில் மிதக்கும் இரணியபுரம். அங்கே இருப்பவர்கள் பௌலோமர், காலகேயர் என்ற அசுரர்கள். அவர்கள் வரத்திலும் மனிதன் விடுபட்டிருக்கிறான். மண்ணுக்குள் புகுந்து, மேலெழுந்து, குறுக்கே பாய்ந்து, நீரில் மூழ்கித் தப்பப் பார்த்த நகரத்தை அம்பால் வீழ்த்துகிறான். அறுபதாயிரம் தேர் சூழ்ந்தபின், வேறு வழியில்லாதபோதுதான், மூன்று தலை, ஒன்பது கண், ஆறு கையோடு சிவனுடைய அத்திரம் வெளிவருகிறது.

கந்தமாதன மலையில் அண்ணனிடம் வந்து சேர்கிறான். அசுரரை அழித்த அத்திரங்களைக் காட்டு என்கிறார் தருமர். மறுநாள் காலை குளித்து, கவசம் பூட்டி, அர்ச்சுனன் காட்டத் தொடங்குகிறான். சொர்க்கத்துக்கும் ஊர்வசிக்கும் இடம் கொடுக்காதவன் இதற்கு மறுப்புச் சொல்லவில்லை. பூமி நடுங்குகிறது, பாறை வெடிக்கிறது, காற்று நிற்கிறது, சூரியன் மங்குகிறது, தீ எரியவில்லை, வேதியருக்கு வேதம் மறந்துபோகிறது. மண்ணுக்குள் இருந்த உயிர்கள் வெளியே வந்து கைகூப்புகின்றன. நாரதர் ஓடி வந்து தடுக்கிறார்: இலக்கில்லாமல் ஏவாதே; இலக்கு இருந்தாலும் நெருக்கடி இல்லாமல் ஏவாதே. தருமரிடம் திரும்பி, போர்க்களத்தில் பார்த்துக்கொள் என்கிறார். அத்திரங்களை உறைக்குள் போட்டுவிட்டு, அர்ச்சுனன் வனவாசத்தின் மிச்ச நாள்களுக்குத் திரும்புகிறான்.

வணக்கம்.