ஊர்வலத்தில் அடி ஏன் பின்வாங்குகிறது? பறைக் குழுவில் சேர்ந்து அடிக்கும் கதை

[காட்சி: கன்னங்குறிச்சி மூக்கனேரிக் கரை, சாயங்காலம். நடுவில் வைக்கோல் தீ. சுற்றி எட்டுப் பேர், கையில் பறை.]

வணக்கம். சேலம் கன்னங்குறிச்சி மூக்கனேரிக் கரையில் நிற்கிறோம். பின்னால் தெரிவது சேர்வராயன் மலை. எங்கள் பறைக் குழு ஞாயிறுதோறும் இங்கேதான் கூடுகிறது. வெள்ளிப் பட்டறையில் கொலுசு வேலை பார்க்கிறவர், தறி ஓட்டுகிறவர், இரண்டு டீச்சர்கள், கல்லூரிப் பிள்ளைகள் என்று பலரும் வருகிறார்கள். இங்கே வருவதற்கு முன்னால் முக்கால்வாசிப் பேர் எந்த வாத்தியத்தையும் தொட்டது கிடையாது.

தனியாக அடிக்கக் கற்றுக்கொள்வது ஒரு வேலை. எட்டுப் பேர் ஒரே அடியாக அடிப்பது முற்றிலும் வேறு வேலை. இந்த வீடியோ அந்த இரண்டாவது வேலையைப் பற்றியது.

[காட்சி: பறையின் பின்பக்கம் அருகில்.]

முதலில் கருவியைப் பார்த்துவிடலாம். மூன்று மரத்துண்டுகளை வளைவாகச் செதுக்கி வட்டமாகச் சேர்த்திருக்கிறார்கள். பெரும்பாலும் வேம்பு. அதன்மேல் தோலை இழுத்து ஒட்டியிருக்கிறார்கள். வலது கையில் இருப்பது கட்டையான அடிக்குச்சி. இடது கையில் இருப்பது நீளமான, மெல்லிய மூங்கில் சிம்பு. அடிக்குச்சி மட்டும் பட்டால் ஒரு சத்தம், சிம்பு மட்டும் பட்டால் ஒரு சத்தம், இரண்டும் சேர்ந்து விழுந்தால் இன்னொரு சத்தம். இந்த மூன்றையும் வாயால் சொல்ல ஒவ்வொன்றுக்கும் ஒரு சொல் உண்டு. ஆசானுக்கு ஆசான் சொல் மாறும். உங்கள் ஆசான் என்ன சொல்கிறாரோ அதையே பிடித்துக்கொள்ளுங்கள்.

[காட்சி: தீயருகே பறையைத் திருப்பித் திருப்பிக் காட்டும் கைகள்.]

இப்போது நடப்பதற்குப் பெயர் பறை காய்ச்சுவது. பார்க்கிறவர்கள் இதை ஒரு சடங்கு என்று நினைத்துவிடுகிறார்கள். சேர்ந்து அடிப்பதே இங்கேதான் தொடங்குகிறது.

இதை நான் ஏற்காட்டில் பட்டுத் தெரிந்துகொண்டேன். மேலே ஒரு நண்பர் வீட்டு விசேஷம். கீழே சேலத்தில் மத்தியான வெயிலில் பறைகளைத் தட்டிப் பார்த்தோம், எல்லாம் கணீரென்று இருந்தன. இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் தாண்டி மேலே போய் இறங்கினால் ஒரே மூடுபனி. அரை மணி நேரத்தில் பறைகள் தொப்பென்று ஆகிவிட்டன. தோல் காற்றிலுள்ள ஈரத்தைக் குடிக்கும். ஈரம் ஏறிய தோல் தளரும், தளர்ந்தால் சுருதி இறங்கும். அது கூடப் பரவாயில்லை. தளர்ந்த தோலில் குச்சி எம்பி வராது. எம்பி வராத குச்சியைக் கையால் தூக்க வேண்டும். கை சோர்கிறது, அடி தாமதமாகிறது. சத்தம் வரவில்லையே என்று ஒவ்வொருவரும் பலமாக அடிக்க, பக்கத்தில் இருப்பவர் அடிப்பது யாருக்கும் கேட்கவில்லை. ஐந்தே நிமிடத்தில் எட்டுப் பேரும் எட்டுத் திக்கில் போனோம். விறகும் கிடைக்காமல், கடைசியில் அடுப்படியில் நின்று ஒவ்வொன்றாகக் காய்ச்சி எடுத்தோம்.

அப்புறம் ஒன்றைக் கவனித்தேன். எல்லாப் பறையையும் ஒரே தீயில், ஒரே நேரத்தில் காய்ச்ச வேண்டும். ஒன்று முறுக்கேறி இன்னொன்று தளர்ந்திருந்தால் குழுவின் சத்தம் ஒன்றாகச் சேராது. தோலைத் தீ நாக்கு தொடக்கூடாது, அனல் மட்டும் பட வேண்டும். திருப்பிக்கொண்டே இருங்கள், நடுநடுவே விரலால் சுண்டிப் பாருங்கள். அளவு மீறினால் விளிம்போரம் கிழிந்துவிடும். இப்போது பிளாஸ்டிக் தோல் போட்ட பறையும் வருகிறது. அதற்கு மழையும் பனியும் ஒரு பொருட்டில்லை. ஆனால் தீயைச் சுற்றி நிற்கும் அந்தப் பதினைந்து நிமிடத்தில்தான் எங்கள் குழு குழுவாகிறது என்பதால், நான் தோலைத்தான் சொல்வேன்.

[காட்சி: வட்டமாக நின்று, கால் மாற்றி மாற்றி வைத்து அடிக்கிறார்கள்.]

சரி, அடிக்கு வருவோம். புதிதாக வருகிறவருக்கு எங்கள் ஆசான் ஒரே ஒரு அடியைத்தான் தருவார். சாதாரண நடை அடி. இரண்டு மாதம் அதேதான். எனக்கு ஆத்திரமாக வரும். மற்றவர்கள் துள்ளலாக என்னென்னவோ அடிக்கும்போது நான் மட்டும் ஏன் இதையே அடித்துக்கொண்டிருக்க வேண்டும்? ஒருநாள் ஆசான் என்னிடமிருந்து அந்த அடியை வாங்கித் தானே அடித்தார், என்னைத் துள்ளலுக்கு அனுப்பினார். அன்றைக்குத்தான் புரிந்தது. அவர் அடி அசையாமல் நின்றதால் நான் எங்கே தடுமாறினாலும் திரும்பி வந்து சேர ஓர் இடம் இருந்தது. குழுவில் மிகத் திடமான கைக்குத்தான் அந்த அடியைக் கொடுக்க வேண்டும். புதியவர் அதிலேயே பழகுவதும் அந்தத் திடம் வருவதற்காகத்தான்.

காலைக் கவனியுங்கள். பறையாட்டத்தில் கால் சும்மா இருப்பதில்லை. கை குழம்பினாலும் கால் எண்ணிக்கையை விடாது. அதனால் முதல் வாரம் பறையையே தொடாதீர்கள். சொல்லை வாயால் சொல்லிக்கொண்டு நடந்து பழகுங்கள்.

[காட்சி: ஒரு நீண்ட தெரு. கோட்டில் வரிசையாக எட்டுப் பேர். முதல் ஆளுக்கும் கடைசி ஆளுக்கும் இடையே 20 மீட்டர் என்று திரையில் காட்டவும்.]

இப்போது தலைப்பில் கேட்ட கேள்வி. ஆடி மாதம் சேலத்தில் இருந்தவர்களுக்கு இது தெரியும். கோட்டை மாரியம்மன் பண்டிகை, குகை என்ற பகுதியில் வண்டி வேடிக்கை (வேடமிட்டவர்கள் வரும் அலங்கார வண்டி ஊர்வலம்) என்று நகரமே மேளச் சத்தமாக இருக்கும். அந்த ஊர்வலங்களில் காது கொடுத்துக் கேளுங்கள். புறப்படும்போது விறுவிறுப்பாக இருந்த அடி, இரண்டு தெரு தாண்டுவதற்குள் மெதுவாகிவிடும். களைப்பு என்று சொல்வோம். களைப்பு மட்டும் காரணமில்லை.

சத்தம் ஒரு விநாடிக்குச் சுமார் 345 மீட்டர்தான் போகும். 20 மீட்டர் நீள வரிசையில் முன்னால் இருப்பவர் அடித்தது பின்னால் இருப்பவருக்குப் போய்ச் சேர ஏறத்தாழ 0.06 விநாடி ஆகும். அவர் அதைக் கேட்டு அடிக்கிறார். அது முன்னால் திரும்பி வர இன்னொரு 0.06. ஆக மொத்தம் 0.12 விநாடி. நிமிடத்துக்கு 120 அடி என்ற வேகத்தில், ஓர் அடியை நாலாகப் பிரித்தால் ஒரு பங்கு 0.125 விநாடி. அதாவது, முன்னால் இருப்பவர் காதுக்குப் பின்வரிசை கிட்டத்தட்ட கால் பங்கு அடி தாமதமாகக் கேட்கிறது. 'பின்தங்கிவிட்டார்களே' என்று இவர் கொஞ்சம் நிதானிக்கிறார். பின்னால் இருப்பவர்கள் அந்த நிதானத்தையும் தாமதமாகக் கேட்டு இன்னும் நிதானிக்கிறார்கள். யார் மீதும் தப்பில்லை, ஆனால் அடி இழுத்துக்கொண்டே போகும்.

வட்டமாக நின்றால் இந்தத் தொல்லை இல்லை. எட்டுப் பேர் நிற்கும் வட்டத்தின் குறுக்களவு ஐந்து மீட்டர் இருக்கும். அதில் தாமதம் 0.015 விநாடிக்குள் முடிந்துவிடும். காதுக்குத் தெரியவே தெரியாது. ஊர்வலத்தில் வட்டம் கட்ட முடியாது. அங்கே காதை நம்பாமல் கண்ணை நம்புங்கள். முன்னால் இருப்பவரின் குச்சி மேலே எழுவதையும் கால் தரையில் விழுவதையும் பாருங்கள், வெளிச்சம் தாமதிக்காது. நாங்கள் வரிசையை இரண்டிரண்டு பேராக நெருக்கிவிட்டோம், நடை அடிக்காரரை நடுவில் விட்டோம். அதன் பிறகு தெருக்கோடி வரை வேகம் இறங்கவில்லை.

[காட்சி: பம்பை, உடுக்கை.]

பம்பை சேர்ந்தால் சத்தத்துக்கு ஒரு கனம் வரும். மேலே உலோகம், கீழே மரம் என்று இரண்டு உருளை, இரண்டு விதமான முழக்கம். உடுக்கை மெல்லிய சத்தம், அதனால் அது பேசும்போது பறைகள் அடங்கிக் கொடுக்க வேண்டும். அதற்குத் தனி வீடியோ போடுகிறேன்.

[காட்சி: தீ தணிகிறது. முகங்கள்.]

ஒரு விஷயத்தைச் சொல்லாமல் விட முடியாது. பறையைச் சாவுக்கு அடிப்பது என்று ஒதுக்கி, அதை அடித்தவர்களையும் ஒதுக்கி வைத்த ஊர் இது. மறுத்தால் அடி, அடித்தால் இழிவு என்று அந்தக் குடும்பங்கள் பட்டது கொஞ்சமல்ல. திண்டுக்கல்லில் சக்தி கலைக்குழுவின் பெண்கள் அதே பறையைத் தலைநிமிர்ந்து மேடையேற்றினார்கள். 2025-இல் மதுரைப் பக்கத்துப் பறைக் கலைஞர் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. இன்று ஆசையாகக் கற்றுக்கொள்ள வரும் நாம், தோலைக் கட்டவும் காய்ச்சவும் அடிக்கவும் தெரிந்த அந்தக் குடும்பங்களிடம் போய்க் கேட்டுக் கற்க வேண்டும், அவர்கள் கேட்கும் சம்பளத்தைக் கொடுத்துக் கற்க வேண்டும். எங்கள் குழுவைக் கல்யாணத்துக்கு இலவசமாகக் கூப்பிட்டால் நாங்கள் போவதில்லை. அந்தப் பக்கத்து ஜமாவின் (பிழைப்புக்கு அடிக்கும் குழுவின்) எண்ணைக் கொடுத்து அனுப்புகிறோம். பிழைப்புக்கு அடிப்பவர்களின் கூலியை நம் ஆசை குறைத்துவிடக் கூடாது.

சேர விரும்புகிறவர்களுக்கு: பறை வாங்கிக்கொண்டு வர வேண்டாம், குழுவில் உபரியாக இரண்டு இருக்கின்றன. பருத்திச் சட்டை போட்டு வாருங்கள், தீயருகே நிற்க வேண்டும். ஐந்தரைக்குக் காய்ச்சத் தொடங்குவோம், எட்டு மணிக்கு நிறுத்திவிடுவோம். கரையோர வீடுகளில் படிக்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள்.

[காட்சி: தணலில் தண்ணீர் ஊற்றுகிறார்கள். புகை. பறைகளைத் துணிப்பைக்குள் வைக்கும் கைகள்.]