செவ்வாயின் படங்களும் அவற்றைத் தொடும் கைகளும்

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

1965 ஜூலையில் மாரினர் 4 விண்கலம் செவ்வாயைக் கடந்து செல்லும்போது எடுத்த முதல் படம், கலிபோர்னியாவிலுள்ள ஜெட் புரொபல்ஷன் ஆய்வகத்துக்குப் படமாக வரவில்லை, எண்களாக வந்தது. குறுக்கே 200 புள்ளிகள், நெடுக்கே 200 புள்ளிகள், ஒவ்வொரு புள்ளிக்கும் 0 முதல் 63 வரை ஓர் எண். வினாடிக்கு எட்டு பிட்டுக்குச் சற்றே கூடுதலான வேகத்தில் வந்ததால், ஒரு படம் வந்து முடிய ஏறத்தாழ 8 மணி நேரம் ஆயிற்று. கணினி அவற்றைப் படமாக்கித் தரும்வரை காத்திருக்க மனமில்லாத பொறியாளர்கள், எண்கள் அச்சான தாள்பட்டைகளைப் பலகையில் வரிசையாகப் பொருத்தி, கடையில் வாங்கிய வண்ணச் சுண்ணக்கட்டிகளால், இந்த எண்ணுக்கு இந்த நிறம் என்று தாங்களே வகுத்துக்கொண்டு கையாலேயே தீட்டினார்கள். மஞ்சளும் பழுப்புமான அந்தப் பலகையைச் சட்டமிட்டு இன்றும் பாதுகாத்து வருகிறார்கள்.

செவ்வாய்ப் படங்களைக் கையாளும் ஆர்வலர்களைப் பற்றிப் பேச வந்த நான் இந்தப் பலகையிலிருந்து தொடங்குவதற்குக் காரணம் உண்டு. விண்கலம் அனுப்புவது எண்களைத்தான். அந்த எண்ணுக்கு எந்த நிறம், எவ்வளவு ஒளி என்று தீர்மானிப்பது ஒரு மனிதர். 1965இல் அவர் ஆய்வகத்துக்குள் இருந்தார். இன்று அவர் நம் ஊரில் நம் பக்கத்து வீட்டில் இருக்கலாம். அவருக்குள்ள உரிமையும் அதே அளவு பொறுப்பும்தான் இன்றைய என் பேச்சின் பொருள்.

இந்த மாற்றத்தின் பெரும் வாயில் 2004 ஜனவரியில் திறந்தது. நாசாவின் இரட்டைத் தரையூர்திகளில் ஸ்பிரிட் செவ்வாயின் குசேவ் பள்ளத்திலும், மூன்று வாரம் கழித்து ஆப்பர்சூனிட்டி மெரிடியானி சமவெளியிலும் இறங்கின. ஸ்டீவ் ஸ்குயர்ஸ் தலைமையிலான அறிவியல் குழு, கட்டுரை எழுதி முடிக்கும்வரை படங்களைத் தன்னிடமே வைத்துக்கொள்ளும் வழக்கத்தை விட்டு, வந்த படங்களை வந்தவாறே இணையத்தில் வைக்க இசைந்தது. பல ஆண்டு உழைத்துக் கருவியைக் கட்டியவர்கள் இப்படி விட்டுக்கொடுத்ததை நான் மிகப் பெரிய பெருந்தன்மையாகவே கருதுகிறேன். பின்னால் வந்த தரையூர்திகளான கியூரியாசிட்டியும் பெர்சிவரன்ஸும் அதே வழியில் நடக்கின்றன.

அப்படி வந்த படத்தை ஆர்வலர் என்ன செய்கிறார் என்பதைக் கொஞ்சம் அருகில் சென்று பார்ப்போம். ஸ்பிரிட்டின் பான்கேம் கேமரா 1024க்கு 1024 புள்ளிகள் கொண்ட கறுப்பு வெள்ளைப் படத்தையே எடுக்கும். அதன் முன்னே ஒரு சக்கரத்தில் எட்டு வடிகட்டிகள் உண்டு. ஒவ்வொன்றும் குறிப்பிட்ட அலைநீள ஒளியை மட்டும் உள்ளே விடும். ஒரே காட்சியை மூன்று வடிகட்டிகள் வழியே அடுத்தடுத்து எடுத்த படங்களைத் தேடி எடுத்து, ஒன்றைச் சிவப்பாகவும் ஒன்றைப் பச்சையாகவும் ஒன்றை நீலமாகவும் கொண்டு, இலவச மென்பொருளான கிம்ப்பில் அடுக்கினால் வண்ணப்படம் பிறந்துவிடும். சாம்பல் நிறத் தரை செம்மண்ணாக மாறும் அந்தக் கணத்தை முதன்முறை பார்த்தவர்கள் எளிதில் மறக்கமாட்டார்கள். நான் மறக்கவில்லை.

ஆனால் சிக்கலும் அந்தக் கணத்திலேயே தொடங்குகிறது. தரையூர்தியின் மேல்தளத்தில் ஒரு சிறிய சூரியக் கடிகாரம் இருந்தது. அதன் நான்கு மூலைகளிலும் சிவப்பு, மஞ்சள், பச்சை, நீலம் என நான்கு வண்ணச் சில்லுகள். கேமராவின் நிறத்தைச் சரிபார்ப்பதற்காகவே அவற்றை வைத்திருந்தார்கள். முதல் வாரங்களில் வந்த சில வண்ணப்படங்களில் அந்த நீலச் சில்லு நீலமாக இல்லை, இளஞ்சிவப்பாக இருந்தது. பூமியில் எடுத்த படத்தையும் செவ்வாயில் எடுத்த படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தவர்கள், நாசா வேண்டுமென்றே செவ்வாய்க்குச் சிவப்புச் சாயம் பூசுகிறது என்று குற்றம் சாட்டினார்கள்.

உண்மை வேறு. சிவப்புக்காக அடிக்கடி பயன்பட்ட வடிகட்டி 753 நானோமீட்டரில் இருந்தது; அது நம் கண்ணின் எல்லையைத் தாண்டி அகச்சிவப்புக்குள் காலெடுத்து வைத்த இடம். பாறைகளின் கனிமங்களைப் பிரித்தறிய அந்த அலைநீளம்தான் பயன்படும் என்பதால் அறிவியலாளர்கள் அதை விரும்பி எடுத்தார்கள். நீலச் சில்லில் இருந்ததோ கோபால்ட் நிறமி. நம் கண்ணுக்கு நீலமாகத் தெரியும் அந்த நிறமி, அகச்சிவப்பை மிக வலுவாகத் திருப்பி அனுப்பும் இயல்புடையது. ஆகவே "சிவப்பு" என்று நாம் பெயரிட்ட அடுக்கில் நீலச் சில்லு பளிச்சென ஒளிர்ந்தது, படத்தில் இளஞ்சிவப்பானது. யாரும் பொய் சொல்லவில்லை. கேமரா பார்த்ததை நம் கண் பார்த்ததாக எடுத்துக்கொண்டதுதான் பிழை. 601 நானோமீட்டர் வடிகட்டியைச் சிவப்புக்குக் கொண்டால், சில்லு மீண்டும் நீலமாகிவிடும். அந்தக் குற்றச்சாட்டுக்கு விடை தேடிப் போனவர்களில் பலர், வடிகட்டி அட்டவணைகளையும் நிறமிகளின் ஒளிப்பிரதிபலிப்பையும் கற்றுத் தேர்ந்தார்கள் என்பதை நான் மகிழ்ச்சியோடு சொல்கிறேன்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். உடனுக்குடன் இணையத்தில் வந்த அந்தப் படங்களில், ஒவ்வொன்றின் மிக இருண்ட புள்ளியைக் கறுப்பாகவும் மிக ஒளிர்ந்த புள்ளியை வெண்மையாகவும் ஆக்கி, இடைப்பட்ட ஒளியளவுகளைக் கணினி தானாகவே இழுத்து நீட்டியிருக்கும். மூன்று படங்களும் தனித்தனி அளவில் இழுபட்டிருப்பதால் அவற்றை அடுக்கும்போது கிடைக்கும் நிறத்துக்கு உறுதி கிடையாது. அளவுதிருத்தம் செய்த தரவு சில மாதங்கள் கழித்து நாசாவின் கோள் தரவுக் காப்பகத்தில் வரும். பொறுமையுள்ளவர்கள் அதற்காகக் காத்திருந்து, செய்த வேலையை மறுபடி முதலிலிருந்து செய்கிறார்கள்.

நிறத்தில் தடுமாறுவது ஆர்வலர்கள் மட்டுமல்ல. 1976இல் நாசாவின் வைக்கிங் 1 இறங்குகலம் செவ்வாயில் இறங்கியபோது முதலில் வெளியான வண்ணப்படத்தில் செவ்வாயின் வானம் நீலம் கலந்து தெரிந்தது. பின்னர்தான், காற்றில் மிதக்கும் தூசியால் அது வெளிர்ச்செம்மை என்று திருத்தினார்கள். கியூரியாசிட்டி குழுவினரோ, பூமியின் வெளிச்சத்தில் இருந்தால் பாறை எப்படித் தெரியும் என்று கணக்கிட்டு நிறத்தை வேண்டுமென்றே மாற்றிய படங்களையும் வெளியிடுகிறார்கள். நிலவியலாளரின் கண் பூமியின் பாறைகளில் பழகியது என்பதே காரணம். அது மாற்றப்பட்ட படம் என்று கீழே எழுதிவிடுகிறார்கள். அந்த ஒரு வரி இருப்பதால் அது நேர்மையான படம்.

அதே 1976இல் வைக்கிங் 1 சுற்றுக்கலன் எடுத்த, சைடோனியா பகுதியிலுள்ள ஒரு மேட்டின் படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மனித முகம் என்று பல்லாண்டு பேசப்பட்ட படம் அது. அதில் மூக்குத்துளையாகத் தெரிந்த கரும்புள்ளி, பூமிக்கு வரும் வழியில் தொலைந்த தரவு மட்டுமே. பெரிதாக்கி, கூர்மையாக்கி, நிழலை அழுத்தி வைத்தவர்கள் அந்தத் தொலைந்த புள்ளியையும் சேர்த்தே அழுத்தினார்கள். 1998இல் மார்ஸ் குளோபல் சர்வேயர் சுற்றுக்கலன் அதே இடத்தைக் கூர்மையாக எடுத்தபோது அங்கே அரிக்கப்பட்ட ஒரு மேடு இருந்தது. தரவு இல்லாத இடத்தில் மென்பொருளால் எதையும் கண்டுபிடிக்க முடியாது; அது நிரப்பித்தான் தரும்.

இதற்கு நேர் எதிரான எடுத்துக்காட்டு ஒன்றை நான் மிகவும் மதிக்கிறேன். சோவியத் நாட்டின் மார்ஸ் 3 கலம் 1971 டிசம்பர் 2 அன்று செவ்வாயில் இறங்கி, அரை நிமிடம்கூடச் சைகை அனுப்பாமல் மௌனமானது. நாற்பது ஆண்டுகள் அது எங்கே கிடக்கிறது என்று யாருக்கும் தெரியவில்லை. 2012 முடியும் தறுவாயில், விட்டலி யெகோரோவ் என்ற ரஷ்யரும் அவரோடு சேர்ந்து கியூரியாசிட்டியின் செய்திகளைப் பின்தொடர்ந்துவந்த ஆர்வலர்களும், செவ்வாயைச் சுற்றிவரும் நாசா கலத்திலுள்ள ஹைரைஸ் கேமரா 2007 நவம்பரில் எடுத்த ஒரு படத்தில் அதைத் தேடினார்கள். 180 கோடி புள்ளிகள்; முழு அளவில் விரித்தால் ஏறத்தாழ 2,500 கணினித் திரைகள் வேண்டும்.

அவர்கள் தேடிய முறைதான் இங்கே கவனிக்கத் தக்கது. படத்தைத் திறந்து விசித்திரமாக எது தெரிகிறது என்று பார்க்கவில்லை. பாராசூட், வெப்பக்கவசம், வேகத்தைக் குறைக்கும் ராக்கெட், இறங்குகலம் ஆகிய நான்கும் என்ன அளவு, அந்தப் படத்தில் எத்தனை புள்ளி அகலத்தில் தெரிய வேண்டும் என்று முதலில் கணக்கிட்டார்கள். பிறகே தேடினார்கள். தரையில் விரித்தால் 11 மீட்டர் அகலம் வரக்கூடிய பாராசூட்டுக்குப் பொருந்தும் வெண்புள்ளி ஒன்று கிடைத்தது. ராக்கெட் என்று கருதத்தக்க பொருளிலிருந்து சங்கிலி போன்ற ஒரு கோடும் நீண்டிருந்தது. உடனே உலகுக்கு அறிவிக்காமல், அலெக்சாந்தர் பசிலெவ்ஸ்கி என்னும் கோள் அறிவியலாளரிடம் கொண்டுசென்றார்கள். அவர் வழியாக ஹைரைஸ் குழுவிடம் வேண்டுகோள் போய், 2013 மார்ச்சில் அதே இடம் மறுபடி படமெடுக்கப்பட்டது. வேறு விளக்கத்துக்கும் இடமுண்டு என்ற எச்சரிக்கையோடுதான் ஏப்ரலில் செய்தி வெளியானது. கண்டதைக் கண்ட அளவுக்கே சொன்ன அந்த அடக்கத்தை, கண்டுபிடிப்பைவிட மேலாக நினைக்கிறேன்.

செவ்வாயைவிட்டு ஒரு நொடி விலகினாலும் நம் சென்னையைச் சொல்லாமல் போகமுடியாது. 2019இல் நிலவில் மோதிய விக்ரம் கலத்தின் சிதறலை, நாசா வெளியிட்ட சுற்றுக்கலப் படங்களை முன்னும் பின்னுமாக ஒப்பிட்டு, ஒரே ஒரு ஒளிப்புள்ளியில் அடையாளம் கண்டவர் சென்னையில் பணியாற்றிய பொறியாளர் சண்முக சுப்பிரமணியன். அவரும் நாசாவுக்கு எழுதிவிட்டு, அவர்கள் சரிபார்க்கும்வரை காத்திருந்தார்.

இறுதியாக இந்தத் திரையைப் பாருங்கள். இரண்டும் ஸ்பிரிட் எடுத்த ஒரே காட்சி. இரண்டையும் நானே அடுக்கினேன். முன்னே நீண்டு கிடப்பது கேமராவைத் தாங்கும் தண்டின் நிழல். இடப்பக்கப் படத்தில் அதன் விளிம்பு சுத்தமாக இருக்கிறது, ஏனென்றால் நான் அதைத் தூரிகையால் சரிசெய்துவிட்டேன். இந்தப் படத்தைத்தான் முதலில் நண்பர்களுக்கு அனுப்பினேன். திருத்தியதைச் சொல்லவில்லை, அது என்னை உறுத்தியது. வலப்பக்கத்தில் இருப்பது தொடாத படம். இதில் நிழலின் ஓரத்தில் ஒருபுறம் சிவப்பும் மறுபுறம் நீலமுமாக மெல்லிய கோடுகள் தெரிகின்றன. வடிகட்டிச் சக்கரம் ஒரு நிறத்திலிருந்து அடுத்த நிறத்துக்குத் திரும்பும் நேரத்துக்குள் சூரியன் சற்றே நகர்ந்துவிட்டது. அந்தக் கோடுகளின் அகலம்தான், அந்த நேரத்துக்குள் குசேவ் பள்ளத்தில் நிழல் நகர்ந்த தூரம்.