மண்குடமும் பொன்குடமும்: நூலக வாசகர் வட்ட விழாவில் பேசியது

விழாத் தலைவர் ஐயா அவர்களே, ஆயிரம் வேலைக்கு நடுவில் வந்து கடைசிவரை இருப்பேன் என்று சொல்லியிருக்கும் பேரூராட்சித் தலைவர் அம்மா அவர்களே, எனக்கு அனா ஆவன்னா சொல்லிக்கொடுத்த ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் அவர்களே, பந்தலும் மைக்கும் போட்டுவிட்டுக் காசு வேண்டாம் என்ற தம்பி, தாய்மார்களே, வாசகர் வட்ட நண்பர்களே, வணக்கம். எனக்குப் போர்த்திய பொன்னாடையை நம் நூலகர் அம்மாவுக்கே போர்த்துகிறேன். அவர்தான் அதற்கு உரியவர்.

மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம். ஊழல் செய்தி படிக்கும்போதெல்லாம் எனக்கு இதுதான் ஞாபகம் வருகிறது. செய்தி போடுவதிலும் இந்தப் பாரபட்சம் நடக்கிறது.

2ஜி விவகாரத்தையே எடுத்துக்கொள்வோம். செல்போன் அலைக்கற்றை உரிமங்களை ஏலம் விடாமல் கொடுத்ததில் ஊழல் என்ற புகார் அது. 2010 நவம்பரில் தலைமைத் தணிக்கையாளர் அறிக்கை வந்தது. உத்தேச இழப்பு என்று அதில் ஒரே தொகை இல்லை. கணக்குப் போடும் முறையைப் பொறுத்து 57,666 கோடி முதல் 1,76,645 கோடி வரை இருந்தது. தலைப்பில் எது வந்தது என்று பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும். சிபிஐ சொன்ன 30,984 கோடி உங்களில் யாருக்கு ஞாபகம் இருக்கிறது?

2017 டிசம்பர் 21. அந்த உரிமங்களைக் கொடுத்தபோது தொலைத்தொடர்பு அமைச்சராக இருந்த ஆ.ராசா, திமுக எம்.பி. கனிமொழி உட்பட குற்றம் சாட்டப்பட்ட எல்லோரையும் சிறப்பு நீதிமன்றம் விடுதலை செய்தது. மறுநாள் காலை டீக்கடைக்குப் போனேன். பொங்கல் வருகிறதே என்று கடைக்கார அண்ணன் சுண்ணாம்பு அடிக்க மேல்தட்டைக் காலி செய்துகொண்டிருந்தார். தகர டப்பாக்களை இறக்கினார். தட்டில் விரித்திருந்த பேப்பர் எண்ணெய் குடித்து, ஒட்டிக்கொண்டு வரமாட்டேன் என்றது. கரண்டியால் சுரண்டி எடுத்தார். பார்த்தால், 2011 பிப்ரவரி! ராசா கைது. அரைப் பக்கப் படம், உள்ளங்கை அகல எழுத்து. அன்றைய பேப்பரை நான் பக்கத்தில் வைத்தேன். அண்ணன் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். “அப்போ அந்த ஒண்ணே முக்கால் லட்சம் கோடி எங்க சார் போச்சு?” என்றார். அது யாரும் எண்ணி எடுத்த காசு இல்லை, ஏலம் விட்டிருந்தால் வந்திருக்கும் என்று போட்ட கணக்கு என்றேன். “இத ஏன் சார் ஏழு வருஷமா ஒருத்தரும் சொல்லல?” கடையே கேட்டுக்கொண்டிருந்தது. டீ ஆறிவிட்டது.

நான் யாருக்கும் வக்காலத்து வாங்கவில்லை. உச்ச நீதிமன்றம் 2012இல் 122 உரிமங்களை ரத்து செய்தது. சிபிஐயின் மேல்முறையீட்டை 2024இல் டெல்லி உயர் நீதிமன்றம் விசாரணைக்கு ஏற்றிருக்கிறது. விடுதலைச் செய்தியும் முதல் பக்கத்தில்தான் வந்தது. ஆனால் குற்றச்சாட்டு வருடக்கணக்கில் ஓடியது. விடுதலை சில நாளில் அடங்கிவிட்டது.

அதே 2010 நவம்பரில் பெரிய நிறுவனங்களுக்காக அரசியல் வட்டாரத்தில் பேசிக் காரியம் பார்த்துவந்த நீரா ராடியாவின் தொலைபேசிப் பதிவுகளை ஓப்பன், அவுட்லுக் இதழ்கள் வெளியிட்டன. அதில் பெரிய பத்திரிகையாளர்களின் குரலும் இருந்தது. அமைச்சரை நாள் தவறாமல் கேள்வி கேட்ட பல பெரிய பத்திரிகைகளும் சேனல்களும் இதில் பல நாள் வாயே திறக்கவில்லை. தன் வீட்டில் உடைந்தது மண்குடம்!

சரி, இதையெல்லாம் நாம் எப்படிக் கண்டுபிடிப்பது? அந்த அண்ணன் கண்டுபிடித்த மாதிரிதான்: பழைய பேப்பரையும் புதிய பேப்பரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து. ஆனால் நம் நூலகத்தில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை பேப்பர்களைக் கிலோக் கணக்கில் எடைக்குப் போடுகிறார்கள். இடமில்லையாம். இரண்டு வருடமாக மனு கொடுத்துக்கொண்டிருக்கிறேன். மாதம் ஒரு கட்டாக பைண்டு செய்ய ஒரு அலமாரி போதும். பேரூராட்சித் தலைவர் அம்மா இங்கேயே இருக்கிறார்கள். மனு மேடைக்கு வலப்பக்க மேஜையில் இருக்கிறது. கையெழுத்துப் போட்டுவிட்டு சாப்பிடப் போங்கள்.