இலையே இல்லாத புதரில் காய்: தார் பாலைவனத்துக் கைர்

வணக்கம் மக்களே. ஜோத்பூரிலிருந்து ஓசியான் போகிற வழியில் வண்டியை ஓரங்கட்டியிருக்கிறேன். மே மாத வெயில். போன் சூடாகி ஏற்கெனவே ஒரு தடவை அணைந்துவிட்டது, அதனால் மடமடவென்று பேசுகிறேன்.

பின்னால் பாருங்கள், பச்சைக் குச்சிகளைக் கட்டுக் கட்டாக ஊன்றி வைத்த மாதிரி ஒரு புதர். இதுதான் கைர். இலையைத் தேடாதீர்கள். இளங்குச்சியில் பொடிப்பொடியாக வரும், வந்த வேகத்தில் உதிர்ந்துவிடும். இலை இருந்தால்தானே தண்ணீர் ஆவியாகும்? அதன் வேலையைப் பச்சைக் குச்சியே பார்த்துக்கொள்கிறது. கிட்டே போனால் முள் இருக்கிறது, கவனம்.

காய் நம் சுண்டைக்காய் ஜாடை. ஆர்வக்கோளாறில் ஒன்றைக் கடித்துவிட்டேன். ஐயோ! கசப்பு, அதோடு கடுகைக் கடித்த மாதிரி ஒரு காரம். பழுத்துச் சிவந்தால் அப்படியே தின்னலாமாம். ஆனால் மார்வார்க்காரர்களுக்கு, அதாவது இந்த ஜோத்பூர்ப் பக்கத்து மக்களுக்கு, பச்சைக் காய்தான் உயிர். உப்புத் தண்ணீரிலோ மோரிலோ பல நாள் ஊறப்போட்டு, கசப்பை இறக்கி, வெயிலில் காயவைத்து வருஷம் முழுக்க வைத்துக்கொள்வார்கள். கேட்டதும் எனக்குச் சிரிப்புதான் வந்தது. நம் வீட்டுச் சுண்டைவற்றல் கதையேதான்!

இதோடு சாங்ரி சேர்த்துச் சமைத்தால் கைர்-சாங்ரி என்கிற கறி. சாங்ரி வேறொன்றுமில்லை, நம் கோயில்களில் சுற்றி வருகிற வன்னி மரத்தின் காய். அப்புறம் குமட் என்கிற முள்மரத்தின் விதை, நறுவிலி இனத்துக் கூந்தாக் காய், ஐந்தாவதாக மாங்காய்ப் பொடியோ மிளகாயோ போட்டால் பஞ்ச்கூட்டா என்கிற ஐந்து பொருள் கறி. எண்ணெய் தாராளமாக விடுவதால் நாள்கணக்கில் கெடாது. ஹோலி முடிந்து எட்டாம் நாள் சீதளா அஷ்டமி, அன்றைக்கு அடுப்பு மூட்டாத வீடுகளில் முந்தின நாள் சமைத்த இதுதான் இலையில், மன்னிக்கவும், தட்டில். நேற்று ஹோட்டலில் சாப்பிட்டதில் மசாலாதான் தெரிந்தது, காய் தெரியவில்லை.

கைர்க் கட்டையைக் கறையான் அரிக்காது என்று கருவிகளுக்குப் பிடி போடுகிறார்கள்.

சந்தையில் காய் பொடிசாக இருக்க இருக்க விலை ஏறுகிறது. பொறுக்கவும் காம்பு கிள்ளவும் அவ்வளவு நேரம் பிடிக்கும். நான் நடுத்தரத்தில் கால் கிலோ வாங்கியிருக்கிறேன். ஊருக்குப் போனதும் மோரில் போட வேண்டும். அம்மா கேட்டால் ராஜஸ்தான் சுண்டைவற்றல் என்று சொல்லிவிடுவேன்.