பாமாலையா, கீர்த்தனையா?

நேயர்களுக்கு வணக்கம்.

தமிழ்நாட்டுத் திருச்சபைகளில் பாடகர் குழு இருக்கிற இடமெல்லாம் ஒரு பழைய வழக்கு ஓயாமல் நடக்கிறது. மேலைநாட்டு மெட்டில் நான்கு குரலாகப் பாடும் பாமாலையில்தான் ஆராதனைக்குரிய கம்பீரம் இருக்கிறது என்பார் ஒருவர். நம் ராகத்திலும் தாளத்திலும் பாடும் கீர்த்தனையில்தான் மனம் கசிகிறது என்பார் இன்னொருவர். இரண்டுமே நம் மண்ணில் வேர்விட்டு நாளாகிறது. ஜெர்மன் ஞானப்பாட்டுகளை மிஷனெரி ஃபெப்ரீசியஸ் 18ஆம் நூற்றாண்டிலேயே தமிழாக்கினார். கீர்த்தனைகள் இயற்றிய தஞ்சை வேதநாயக சாஸ்திரியாரின் காலம் 1774 முதல் 1864 வரை. ஆகவே எது நம்முடையது என்ற கேள்வியை விட்டுவிடுகிறேன். ரசனைச் சண்டை என்று நாம் நினைப்பதில் பாதி, பாடுகிற முறையில் உள்ள கோளாறுதான்.

பாமாலையின் மெட்டு பெரும்பாலும் ஐரோப்பாவில் பிறந்தது. அந்த மொழிகளில் சொல்லழுத்தம் பெரிது; நமக்கோ குறில் நெடில். இரண்டு தட்டு நீளும் சுரத்தில் ‘வரம்’ என்ற சொல்லின் ‘வ’ விழுந்தால், சபை ‘வாரம்’ என்றே பாடும். ஆண்டவரிடம் ஏழு நாள் கேட்டதாக ஆகிவிடும்! முதல் தட்டில் ‘வ’, இரண்டாம் தட்டிலேயே ‘ரம்’ என்று பிரித்து, மகரத்தை வாய்மூடி இழுக்கலாம். சோப்ரானோ, ஆல்டோ, டெனர், பேஸ் என்ற நான்கு குரல்களும் ஒரே இடத்தில் பிரிக்க வேண்டும். ஆண்களின் உயர்ந்த குரலான டெனர் மட்டும் பழையபடி பாடினால் சொல் குழறும்.

அடுத்தது சுருதி. எஃப் சுருதியில் அச்சான பாட்டு மேல் எஃப் வரை ஏறினால், சபையில் பாதிப் பேர் அந்த வரியில் வாயடைத்து நிற்பார்கள். டி-க்கு இறக்குங்கள். ஆண்களின் தாழ்ந்த குரலான பேஸுக்கு அடிச்சுரம் எட்டாவிட்டால், அந்தச் சுரத்தை மட்டும் ஒரு ஸ்தாயி (ஆக்டேவ்) மேலே பாடட்டும்.

கீர்த்தனையைக் கெடுப்பது பெரும்பாலும் கீபோர்டுதான். மோகன ராகத்தில் ம (மத்யமம்), நி (நிஷாதம்) இரண்டும் கிடையாது. சி-யை ஷட்ஜமாக (ச) வைத்து எஃப் மேஜர் கார்டு (சேர்ந்தொலிக்கும் சுரக்கூட்டு) போட்டால் மத்யமம் புகுந்துவிடும். ஜி மேஜர் போட்டால் நிஷாதம். பாடுகிறவர் மோகனம் பாட, கேட்கிறவர் காதில் ஏழு சுரமும் உள்ள சங்கராபரணம் விழும். கார்டு வேண்டுமென்றால் சி மேஜரும் ஏ மைனரும் போதும். ஏ மைனரில் வருகிற த, ச, க மூன்றும் மோகனத்துக்குள்ளேயே இருக்கின்றன. அதைவிட நல்லது, டெனரும் பேஸும் ச, ப இரண்டையும் தம்புரா போலப் பிடித்து நிற்பது. நான்கு குரல் பழகிய குழுவுக்கு இது சப்பென்றிருக்கும், இருக்கட்டும்.

ஆதி தாளத்தில் சமத்திலிருந்து (தாளத்தின் முதல் தட்டிலிருந்து) அரை அட்சரம் (அரைத் தட்டு) தள்ளி எடுக்கும் பல்லவிக்கு இயந்திரத் தாளத்தை ஓடவிட்டால், சபை சமத்திலேயே எடுத்துவிடும். அதை அணைத்துவிட்டு ஒருவர் கையால் தாளம் போட்டாலே சரியாகும். பல்லவியை அடுத்து வரும் அனுபல்லவி பெரும்பாலும் மேல் ஸ்தாயிக்குப் போகும். அதைக் குழுவிடம் விட்டுவிட்டு, பல்லவிக்கு ஒரு கையசைப்பில் சபையை உள்ளே அழையுங்கள்.