14 தங்கம் இருந்தும் முதலமைச்சர் விருது ஏன் வரல? – சந்தேகமும் விளக்கமும்

வணக்கங்க. இன்னைக்கு ஒரு உடற்கல்வி ஆசிரியர் அனுப்பின கேள்வி. அப்படியே படிச்சிடறேன். "எங்க ஸ்கூல் பொண்ணு தடகளத்துல குறுவட்டம், மாவட்டம், மாநிலம்னு 14 தங்கம் வச்சிருக்கா. முதலமைச்சர் மாநில விளையாட்டு விருதுக்கு விண்ணப்பம் போட்டோம், வரல. ரெண்டே மெடல் வச்சிருக்கிற ஒருத்தருக்குக் கொடுத்திருக்காங்கன்னு சொல்றாங்க. எதை வச்சுத்தான் பார்க்கிறாங்க சார்?"

முதல்ல ஒரு குழப்பத்தைத் தீர்த்துடலாம். நம்ம தமிழ்நாட்டுல முதலமைச்சர் கோப்பை வேற, முதலமைச்சர் விருது வேற. கோப்பைங்கிறது போட்டி. மாநில அளவுல தனிநபர் பிரிவுல ஜெயிச்சா 1 லட்சம் ரூபாய் பரிசு. விருதுங்கிறது போட்டி இல்ல, விண்ணப்பம் வாங்கி, குழு பார்த்துத் தேர்வு பண்றது. அதுக்கும் 1 லட்சம் ரொக்கம், கூடவே தங்கப் பதக்கமும் சான்றிதழும். ரெண்டுலயும் அதே தொகை, ரெண்டுலயும் முதலமைச்சர் பேரு, அதனாலதான் நிறைய பேர் கோப்பையில ஜெயிச்ச சான்றிதழை வச்சே விருது வந்துடும்னு நினைச்சுக்கறாங்க. ஒலிம்பிக் தங்கத்துக்கு 3 கோடி, வெள்ளிக்கு 2 கோடி, வெண்கலத்துக்கு 1 கோடின்னு மாநில அரசு கொடுக்கிறதும் தனி. அது உயரிய ஊக்கத்தொகை.

இப்ப விருதுக்கு வருவோம். ஆண்கள்ல ரெண்டு பேர், பெண்கள்ல ரெண்டு பேர், பயிற்றுநர்கள் ரெண்டு பேர், உடற்கல்வி இயக்குநர் அல்லது ஆசிரியர் ரெண்டு பேர். பெண்களுக்கு ரெண்டே இடம். அது தடகளத்துக்கு மட்டும் இல்லீங்க, கபடி, செஸ், ஸ்குவாஷ், நீச்சல், கேரம் எல்லாத்துக்கும் சேர்த்துத்தான் அந்த ரெண்டு. நம்ம மாநிலத்துப் பெண்கள் இப்ப எந்த உயரத்துல இருக்காங்கன்னு பாருங்க. 2024 பாரிஸ் பாராலிம்பிக்ல பேட்மிண்டன்ல மட்டும் துளசிமதிக்கு வெள்ளி, மனீஷாவுக்கும் நித்யஸ்ரீக்கும் வெண்கலம். செஸ்ல வைஷாலி கிராண்ட்மாஸ்டர். இந்தத் தரத்துல ஆட்கள் இருக்கிற இடத்துல, குறுவட்டத் தங்கமும் மாவட்டத் தங்கமும் எத்தனை இருந்தாலும் தராசு அசையாது.

எப்படி எடை போடறாங்கன்னு புரியணும்னா தேசிய விருதுகளோட புள்ளிக் கணக்கைப் பார்க்கலாம். நம்ம மாநிலத்து அட்டவணையும் அதுவும் ஒண்ணுதான்னு எடுத்துக்க வேண்டாம், சிந்தனை புரியறதுக்காகச் சொல்றேன். கேல் ரத்னா, அர்ஜுனாவுக்கு 2018 வாக்குல நடைமுறையில இருந்த கணக்குல, ஒலிம்பிக் தங்கத்துக்கு 80, வெள்ளிக்கு 70, வெண்கலத்துக்கு 55. ஆசிய விளையாட்டுல தங்கத்துக்கு 30, காமன்வெல்த்ல 25. அதாவது ஒரு ஒலிம்பிக் வெண்கலம் ஆசியத் தங்கத்தை விடவும் கனம். எத்தனை மெடல்ங்கிறதோட, எந்த மேடையில வாங்கின மெடல்ங்கிறதுக்கும் கனம் இருக்கு. "ரெண்டே மெடல்"னு நீங்க சொன்னீங்களே, அந்த ரெண்டும் எந்த மேடையில வாங்கினதுன்னு பார்க்காம அது குறைச்சல்னு முடிவு பண்ண முடியாது.

அடுத்தது காலவரம்பு. அர்ஜுனாவுக்குக் கடைசி 4 வருஷச் செயல்பாட்டைப் பார்க்கிறாங்க. மாநில விருதுக்கு எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரைன்னு அந்தந்த வருஷ அறிவிப்புல போட்டிருக்கும். அந்த வரியைப் படிக்காமலே கட்டுக்கட்டா ஜெராக்ஸ் இணைக்கிறவங்கதான் அதிகம். உதாரணத்துக்கு, அறிவிப்புல மார்ச் 31 வரைன்னு இருந்து, உங்க தேசியப் பதக்கம் ஏப்ரல் 2-ல வந்ததுன்னா அது இந்த விண்ணப்பத்துக்குச் சேராது, அடுத்ததுக்குத்தான். எட்டாம் வகுப்புல வாங்கினதைக் காலேஜ் முடிச்சப்புறம் இணைக்கிறதுல பிரயோஜனம் இல்ல.

சான்றிதழ் விஷயத்துல கொஞ்சம் நின்னு பேசணும், ஏன்னா தகுதி இருந்தும் கோட்டை விடறது இங்கதான். சான்றிதழ் யார் கொடுத்தது? மத்திய விளையாட்டு அமைச்சகம் அங்கீகரிச்ச தேசிய சம்மேளனம், அதோட இணைஞ்ச மாநில சங்கம், இல்லைன்னா பள்ளி விளையாட்டுக் குழுமம், பல்கலைக்கழகம். ஒரே விளையாட்டுக்கு ரெண்டு சங்கம் இருக்கிற இடத்துல எது இணைப்புல இருக்குன்னு போட்டிக்குப் பேர் கொடுக்கிறதுக்கு முன்னாடியே கேட்டுக்கோங்க. வெளிநாட்டுல "இன்டர்நேஷனல்"னு பேனர் கட்டி, பணம் கட்டினவங்களை எல்லாம் கூட்டிட்டுப் போற அழைப்புப் போட்டிகள் இருக்கு. அந்தத் தங்கத்துக்கு எந்தத் தேர்வுக் குழுவும் மதிப்புக் கொடுக்காது. பெத்தவங்க நகையை அடகு வச்சு அனுப்பறாங்க, கேட்கவே மனசு கஷ்டமா இருக்கு. தயவுசெஞ்சு விசாரிக்காம அனுப்பாதீங்க.

பேரு. இது நம்ம ஊருக்கே உள்ள சிக்கல். பள்ளிச் சான்றிதழ்ல "எஸ். கவிதா"ன்னு இருக்கும். பாஸ்போர்ட் எடுக்கும்போது இனிஷியலை விரிச்சு "கவிதா செல்வம்"னு ஆயிடும். வெளிநாட்டு ரிசல்ட் ஷீட்ல "செல்வம் கவிதா"ன்னு அப்பா பேரு முன்னாடி வந்து நிக்கும். மூணும் ஒரே பொண்ணுன்னு உங்களுக்குத் தெரியும், ஃபைலைப் பார்க்கிற கிளார்க்குக்குத் தெரியாது. ஆதார், பாஸ்போர்ட், மதிப்பெண் சான்றிதழ் மூணுலயும் ஒரே மாதிரி இருக்கிற மாதிரி சின்ன வயசுலயே சரிபண்ணி வச்சிடுங்க.

சான்றிதழ் கையில வந்த அன்னைக்கே படிச்சுப் பாருங்க. போட்டியோட முழுப் பேரு, இடம், தேதி, வயசுப் பிரிவு, எந்த நிகழ்வு, எத்தனாவது இடம், வரிசை எண், செயலாளர் கையெழுத்து, எல்லாம் இருக்கணும். 400 மீட்டரா, 4x400 தொடர் ஓட்டமான்னு எழுதாம "தடகளம் – முதலிடம்"னு மட்டும் போட்டிருந்தா அங்கேயே நின்னு திருத்தி வாங்குங்க. வீட்டுக்கு வந்துட்டா அந்தச் செயலாளரைப் பிடிக்கவே ஆறு மாசம் ஆகும். லேமினேஷன் பண்ணாதீங்க. ஸ்கேன் பண்ணும்போது அந்தப் பளபளப்புல முத்திரை இருக்கிற இடம் வெள்ளையா அடிச்சிடும், எண்ணைப் படிக்க முடியாது. பிளாஸ்டிக் உறையில போட்டு வச்சாப் போதும். அதோடயே அதிகாரப்பூர்வ ரிசல்ட் ஷீட் ஒரு பிரதி. குழு விளையாட்டுன்னா அணிப் பட்டியலும் ஸ்கோர் ஷீட்டும் அவசியம், ஏன்னா நீங்க களத்துல இறங்கினீங்களா, பெஞ்ச்ல இருந்தீங்களாங்கிற கேள்வி வரும்.

படிவம் 1, 2, 3, 4-னு கேள்விப்பட்டிருப்பீங்க. நாட்டுக்காக ஆடினா 1, மாநிலத்துக்காகத் தேசியப் போட்டியில ஆடினா 2, பல்கலைக்கழகத்துக்கு 3, தேசியப் பள்ளிப் போட்டிக்கு 4. அது விளையாட்டு வீரர்களுக்கான வேலைவாய்ப்பு ஒதுக்கீட்டுக்கானது. ஆனா அதை வாங்கி வச்சிருந்தா உங்க சாதனையை உரிய சங்கமோ துறையோ கையெழுத்துப் போட்டு ஒத்துக்கிட்ட மாதிரி, எந்த விண்ணப்பத்துக்கும் பலம்.

ஊக்கமருந்து விஷயமும் ஒரு வார்த்தை. ஊக்கமருந்துக்காகத் தடையில இருக்கிறவங்க அர்ஜுனாவுக்குத் தகுதி இழக்கிறாங்க. இருமல் சிரப்புல இருந்து ஜிம்ல விக்கிற பவுடர் வரைக்கும் எதைக் கொடுக்கிறதா இருந்தாலும் தடைப் பட்டியலோட ஒப்பிட்டுப் பார்த்துட்டுக் கொடுங்க.

இந்தப் பொண்ணுக்கு இப்ப என்ன பண்ணலாம்? விருது விண்ணப்பத்தை ஓரமா வச்சிடுங்க சார். தேசியப் பள்ளிப் போட்டி, ஜூனியர் நேஷனல், கேலோ இந்தியா, இந்த மூணுல ஒண்ணுல மெடல் வரணும், அதுதான் அடுத்த படி. தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தோட விளையாட்டு விடுதி, சாம்பியன்ஸ் டெவலப்மென்ட் திட்டம் ரெண்டையும் மாவட்ட விளையாட்டு அலுவலர்கிட்ட கேளுங்க. பயிற்சிச் செலவுக்கும் ஷூவுக்கும் வெளியூர்ப் பயணத்துக்கும் இந்த வயசுல உதவுறது அதுதான்.

இன்னொண்ணு. உடற்கல்வி ஆசிரியருக்கும் ரெண்டு விருது இருக்குன்னு சொன்னேன் இல்லையா? ஒரு பொண்ணைக் குறுவட்டத்துல இருந்து மாநிலம் வரைக்கும் கொண்டு வந்திருக்கீங்க. உங்க மாணவர்கள் தேசிய அளவுல ஆடின சான்றிதழ்களை வருஷவாரியா அடுக்கி, உங்க பணிப் பதிவேட்டு நகலோட ஒரு ஃபைல் இன்னைக்கே ஆரம்பிங்க.