ஸ்பிரின்ட் முடிந்தது, வேலை முடிந்ததா? எஃப்பிஐ-யின் சென்டினல் திட்டம் காட்டும் அஜைல்

[திரையில்: பச்சை எழுத்துகள் ஓடும் பழைய கணினி. பக்கத்தில் காகிதக் கோப்புகள்.]

வணக்கம். உங்கள் மென்பொருள் டீமில் தினமும் ஸ்டாண்ட்-அப் என்ற சின்னக் கூட்டம் நடக்கிறது. ஸ்பிரின்ட், அதாவது ஒரு பகுதி வேலையை முடிப்பதற்கான குறுகிய காலம், இரண்டு வாரத்துக்கு ஒன்று ஓடுகிறது. வேலைகளைப் பட்டியலிடும் ஜிரா மென்பொருளில் கார்டுகள் இடமிருந்து வலமாக நகர்ந்துகொண்டே இருக்கின்றன. ஆனால் ரிலீஸ் தேதி நெருங்கினால் ராத்திரி கண்விழித்துத்தான் முடிக்க வேண்டியிருக்கிறது. வேலையைச் சின்னத் துண்டுகளாக முடித்து அடிக்கடி காட்டும் முறைதான் அஜைல். அந்தப் பெயரை வைத்துக்கொண்டும் ஏன் இந்த நிலைமை?

இதற்கு விடை தேட ஒரு நிஜமான திட்டத்தை எடுத்துக்கொள்ளலாம். அமெரிக்கப் புலனாய்வு அமைப்பான எஃப்பிஐ, தன் வழக்குக் கோப்புகளைக் கணினியில் கையாளக் கட்டிய சென்டினல் என்ற மென்பொருள். அந்நாட்டு நீதித் துறையின் தலைமை ஆய்வாளர் அலுவலகம் இந்தத் திட்டத்தைப் பல வருடம் தணிக்கை செய்து அறிக்கை அறிக்கையாக வெளியிட்டிருக்கிறது. அதனால் எங்கே சறுக்கியது, எங்கே நிமிர்ந்தது என்பதைக் கிட்டே போய்ப் பார்க்க முடிகிறது.

2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகு, விமானங்களைக் கடத்தியவர்களின் புகைப்படங்களைக் கிளை அலுவலகங்களுக்குக் கணினி வழியாக அனுப்ப எஃப்பிஐ-யால் முடியவில்லை. தபாலில்தான் அனுப்பினார்கள். வழக்கு விவரங்களுக்கென்று 1995-ல் வந்த ஒரு கணினி அமைப்பு இருந்தது. ஆனால் உண்மையான ஆவணம் காகிதம்தான். ஏஜென்ட் டைப் செய்வார், பிரிண்ட் எடுப்பார், மேலதிகாரி பேனாவால் கையெழுத்துப் போடுவார், அது கோப்புக்குப் போகும்.

இதை மாற்ற எடுத்த முதல் முயற்சிக்குப் பெயர் விர்ச்சுவல் கேஸ் ஃபைல். சுமார் 17 கோடி டாலர் செலவழித்த பிறகு 2005-ல் அதைக் கைவிட்டார்கள். அடுத்து வந்ததுதான் சென்டினல். 2006 மார்ச்சில் லாக்ஹீட் மார்ட்டின் நிறுவனத்துக்கு ஒப்பந்தம் போனது. மொத்த மதிப்பீடு 42.5 கோடி டாலர், நான்கு கட்டங்கள், 2009 டிசம்பரில் முடிய வேண்டும்.

[திரையில்: நான்கு பெட்டிகள். இரண்டு மட்டும் நிறம் மாறுகின்றன.]

2010 ஆகஸ்ட். பட்ஜெட் 45.1 கோடி டாலராக ஏறியிருந்தது. அதில் சுமார் 40.5 கோடி செலவாகிவிட்டது. கைக்கு வந்தது நான்கு கட்டங்களில் இரண்டு. காகிதத்திலிருந்து கணினிக்கு மாற வேண்டிய படிவங்கள் 18. மாறியவை நான்கு. அந்த நான்கிலும் ஏஜென்ட் கணினியில் நிரப்பிவிட்டு, கையெழுத்துக்காகப் பிரிண்ட் எடுக்க வேண்டியிருந்தது! காகிதத்தை ஒழிக்க ஆரம்பித்த திட்டம் நாலு வருடம் கழித்தும் பிரிண்டர் பக்கத்திலேயே நின்றது. மீதி வேலைக்கு இன்னும் குறைந்தது 35.1 கோடி டாலரும் ஆறு வருடமும் ஆகும் என்று மைட்டர் என்ற ஆய்வு அமைப்பு கணக்குச் சொன்னது.

இங்கே கொஞ்சம் நிதானிக்க வேண்டும். பல பயிற்சி வகுப்புகளில் இந்தக் கதையை "வாட்டர்ஃபால் தோற்றது, அஜைல் ஜெயித்தது" என்று ஒரே வரியில் சொல்லி முடித்துவிடுகிறார்கள். (வாட்டர்ஃபால் என்றால் எல்லாவற்றையும் முதலிலேயே திட்டமிட்டு, ஒரே மூச்சில் கட்டி, கடைசியில் கொடுப்பது.) எனக்கு அது சரியாகப் படவில்லை. சென்டினல் ஆரம்பத்திலும் ஒரே மூச்சில் கட்டப்பட்ட திட்டம் இல்லை. முந்தைய தோல்வியை மனதில் வைத்துத்தான் அதைக் கட்டம் கட்டமாகப் பிரித்திருந்தார்கள். கோளாறு வேறு இடத்தில். ஒவ்வொரு கட்டமும் வருடக் கணக்கில் நீண்டது. அதன் நடுவில் "எவ்வளவு முடிந்திருக்கிறது?" என்று கேட்டால், ஓடுகிற மென்பொருளைக் காட்டிப் பதில் சொல்ல வழி இல்லை. வேலையைப் பிரித்தால் மட்டும் போதாது. பிரித்த துண்டு, உபயோகிக்கிறவர் கையில் போய் நிற்கும் அளவுக்கு முழுசாக இருக்க வேண்டும்.

அதே 2010-ல் எஃப்பிஐ ஒரு துணிச்சலான முடிவு எடுத்தது. வேலையை நிறுத்தச் சொல்லிவிட்டு, திட்டத்தின் பொறுப்பைத் தானே ஏற்றுக்கொண்டது. திட்டத்திலிருந்த ஒப்பந்த ஊழியர்களைச் சுமார் 220-லிருந்து 40 ஆகவும், தன் ஊழியர்களை 30-லிருந்து 12 ஆகவும் குறைக்கத் திட்டமிட்டது. மொத்தத் தேவைகளையும் 670 யூசர் ஸ்டோரிகளாக, அதாவது உபயோகிக்கிறவருக்கு என்ன வேண்டும் என்று சொல்லும் சின்னக் குறிப்புகளாக, எழுதியது. இரண்டு வார ஸ்பிரின்ட், கடைசியில் முடிந்ததை ஓட்டிக் காட்டும் டெமோ. இதெல்லாம் உங்களுக்குத் தெரிந்த சங்கதிதான்.

நான் சொல்ல வந்தது அதில் இருந்த ஒரே ஒரு விதியை. ஒரு ஸ்டோரி முழுதாக முடிந்து, சோதித்து, காட்டப்பட்டால்தான் கணக்கில் சேரும். பாதி மதிப்பெண் கிடையாது. 90 சதவீதம் முடிந்திருந்தாலும் பூஜ்ஜியம்தான்.

கேட்க ரொம்பக் கறாராகத் தெரியும். ஆனால் நம் ஆபீஸ்களில் திட்டங்களைக் கவிழ்ப்பது அந்த "90 சதவீதம்"தான். "கோடிங் முடிஞ்சுது, டெஸ்டிங் மட்டும் பாக்கி" என்று ஒருவர் சொல்கிறார். எல்லோரும் தலையாட்டுகிறோம். அடுத்த ஸ்பிரின்ட்டில் டெஸ்டர் பார்க்கும்போது மூன்று பிழைகள் வருகின்றன. அதற்குள் அந்த டெவலப்பர் வேறு ஸ்டோரியில் கைவைத்திருப்பார். பழையதும் முடியாது, புதியதும் நகராது. இப்படியே ஆறு ஸ்பிரின்ட் போனால், அறிக்கையில் எல்லாமே கிட்டத்தட்ட முடிந்திருக்கும், கொடுப்பதற்கு ஒன்றும் இருக்காது.

[திரையில்: ஒரு படிவம் பெரிதாகிறது.]

சரி, முழுசாக முடிகிற துண்டு எப்படி இருக்கும்? எஃப்பிஐ-யில் எஃப்டி-302 என்று ஒரு படிவம் உண்டு. சாட்சி ஒருவரிடம் பேசிவிட்டு வரும் ஏஜென்ட், அவர் சொன்னதை இதில்தான் பதிவுசெய்வார். இந்தப் படிவத்தைக் கட்டும் வேலை நமக்கு வந்தால் எப்படிப் பிரிப்போம் என்று யோசிப்போம்.

வழக்கமாக நாம் பிரிப்பது இப்படி. முதல் ஸ்பிரின்ட்டில் டேட்டாபேஸ். இரண்டாவதில் டேட்டாபேஸையும் திரையையும் இணைக்கும் ஏபிஐ. மூன்றாவதில் திரை. நான்காவதில் டெஸ்டிங். ஒவ்வொன்றும் முடிந்ததாகத் தோன்றும். ஆனால் எட்டு வாரம் வரை ஏஜென்டுக்குக் காட்ட ஒன்றுமில்லை. அவர் ஒரு வார்த்தை கருத்துச் சொல்லவும் வாய்ப்பில்லை.

இதையே வேறு மாதிரி வெட்டலாம். முதல் ஸ்பிரின்ட்டில் மூன்றே விவரங்கள்: சாட்சியின் பெயர், தேதி, அவர் சொன்னது. சேமித்தால் சரியான வழக்கு எண்ணின் கீழ் அது தெரிய வேண்டும். அவ்வளவுதான். அழகாக இருக்காது, ஆனால் டேட்டாபேஸ் முதல் திரை வரை எல்லாம் மெல்லிசாக உள்ளே இருக்கும். இரண்டாவது ஸ்பிரின்ட்டில் மேலதிகாரி திரையிலேயே ஒப்புதல் தருகிறார். மூன்றாவதில் அவர் திருத்தம் கேட்டுத் திருப்பி அனுப்புகிறார். இணைப்புகள், வடிவமைப்பு எல்லாம் அப்புறம்.

இப்படி வெட்டும்போது ஒரு நன்மை நடக்கிறது. மின்னணுக் கையெழுத்து என்ற கடினமான முடிச்சு இரண்டாவது ஸ்பிரின்ட்டிலேயே முகத்துக்கு நேரே வந்து நிற்கும். சட்டப்படி அது செல்லுமா, யாரிடம் அனுமதி வாங்க வேண்டும் என்ற கேள்விகளைத் தள்ளிப்போட முடியாது. பழைய சென்டினலில் நான்கு படிவம் வந்த பிறகும் கையெழுத்து காகிதத்தில் நின்றதை நினைத்துப் பாருங்கள். அதனால் பேக்லாக்கை, அதாவது செய்ய வேண்டிய ஸ்டோரிகளின் பட்டியலை, அடுக்கும்போது சுலபமானதை மேலே வைக்காதீர்கள். டீமில் எல்லோரும் உள்ளுக்குள் பயப்படுகிற ஸ்டோரி ஒன்று இருக்கும், அதை மேலே கொண்டு வாருங்கள்.

[திரையில்: நாள்காட்டி. 2011 செப்டம்பர், பிறகு 2012 ஜூலை.]

புதிய முறைக்கு மாறியதும் எல்லாம் சொன்ன தேதியில் முடிந்ததா? இல்லை. 2011 செப்டம்பரில் முடிப்பதாகச் சொன்னார்கள், தள்ளிப்போனது. அக்டோபரில் நாடு முழுவதும் நூற்றுக்கணக்கான ஊழியர்களை ஒரே நேரத்தில் உபயோகிக்கச் சொல்லி ஒரு சோதனை வைத்தார்கள். நடுவில் இரண்டு தடவை சென்டினல் நின்றுபோனது. பழைய வன்பொருளால் அத்தனை பேரின் பாரத்தைத் தாங்க முடியவில்லை. புதிய வன்பொருள் வாங்க வேண்டி வந்தது, தேதி மேலும் நகர்ந்தது. கடைசியில் 2012 ஜூலை 1 அன்று எல்லா ஊழியர்களுக்கும் போய்ச் சேர்ந்தது.

இதில் இரண்டு விஷயம் கவனிக்கத்தக்கது. ஒன்று, தாமதம் மாதக் கணக்கில் இருந்தது, முன்பு பயமுறுத்திய ஆறு வருடம் எங்கேயோ போய்விட்டது. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை முடிந்த ஸ்டோரிகளை எண்ணும்போது, பின்தங்குவது சீக்கிரமே தெரிந்துவிடும். தெரிந்தால் எதை விடலாம், எதைச் சேர்க்கலாம் என்று பேச முடியும். இன்னொன்று, அந்த அக்டோபர் சோதனை அவ்வளவு கடைசியில் வந்திருக்கக் கூடாது என்பது என் கருத்து. ஒவ்வொரு ஸ்டோரியும் தனித்தனியாக ஓடியது, எல்லோரும் ஒன்றாக நுழைந்தபோது நின்றது. உங்கள் மென்பொருளை ஆயிரம் பேர் ஒரே நேரத்தில் திறப்பார்கள் என்றால், அந்தச் சோதனையும் ஒரு ஸ்டோரிதான். அதைப் பாதி வழியிலேயே, சின்ன அளவிலாவது செய்து பார்த்துவிடுங்கள்.

அப்புறம், ஸ்டாண்ட்-அப் பற்றி. டீமுக்குள் "எனக்கு இங்கே சிக்கியிருக்கிறது, யாராவது வாங்க" என்று கேட்பதற்கான பத்துப் பதினைந்து நிமிடம் அது. மேனேஜர் நடுவில் நிற்க, ஒவ்வொருவராக "நேத்து இதைப் பண்ணேன், இன்னைக்கு அதைப் பண்றேன்" என்று ஒப்பித்தால் யாரும் சிக்கலைச் சொல்ல மாட்டார்கள். ஒரு ஸ்டோரிக்கு எவ்வளவு வேலை என்று டீம் மதிப்பிட்டுப் போடும் எண்ணான ஸ்டோரி பாயின்ட்டும் அப்படித்தான். ஒரு டீமின் எண்ணை இன்னொரு டீமோடு ஒப்பிட ஆரம்பித்த அன்றிலிருந்து எண்கள் உயரும், வேலை உயராது.

மேலிடத்தில் இருப்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். சென்டினலை நிறுத்தவும், கையில் எடுக்கவும், ஆளைக் குறைக்கவும் முடிவெடுத்தது டீமின் அஜைல் முறையைப் பார்த்துக்கொள்ளும் எந்த ஸ்க்ரம் மாஸ்டரும் இல்லை, எஃப்பிஐ-யின் தலைமை. டீமுக்குச் சிறகு கொடுக்கிற அதிகாரம் மேலே இருக்கிறது. எதை முதலில் கட்டுவது என்று முடிவுசெய்ய ப்ராடக்ட் ஓனர் என்று ஒருவரை நியமித்துவிட்டு, ஒவ்வொரு சின்ன முடிவுக்கும் அவர் மூன்று பேரிடம் கேட்டு வர வேண்டும் என்றால், இரண்டு வாரம் கேட்பதிலேயே போய்விடும். அவர் சரி என்றால் சரி, வேண்டாம் என்றால் வேண்டாம் என்ற நிலை இருக்க வேண்டும்.

2014-ல் தணிக்கையாளர்கள் மறுபடி போய் ஊழியர்களிடம் கேட்டார்கள். பெரும்பாலோர் சென்டினலால் வேலைக்கு நன்மைதான் என்றார்கள். தேடல் வசதியில் மட்டும் பலருக்குத் திருப்தியில்லை. தேடினால் வேண்டியது கிடைப்பதில்லை என்பது, தினமும் அதில் உட்கார்ந்து தேடுகிறவரால்தான் சொல்ல முடிகிற குறை. நம் டெமோக்களில் டெவலப்பரே மவுஸைப் பிடித்து, தனக்குத் தெரிந்த வழியிலேயே கிளிக் செய்து காட்டுகிறார். எல்லாம் ஓடுகிறது, எல்லோரும் கைதட்டுகிறோம்.

வரும் ஸ்பிரின்ட் பிளானிங்கில், பேக்லாக்கில் முதலில் இருக்கும் ஸ்டோரியை எடுங்கள். அதை நிஜமாக உபயோகிக்கப் போகும் ஒருவரின் பெயரை அதன் பக்கத்தில் எழுதுங்கள். டெமோவுக்கான அழைப்பை அன்றே அவருக்கு அனுப்புங்கள். நேரில் வர முடியாதென்றால் பதினைந்து நிமிட ஸ்க்ரீன் ஷேர் போதும். ஆனால் கன்ட்ரோலை அவரிடம் கொடுத்துவிட்டு, எங்கே தடுமாறுகிறார் என்று குறித்துக்கொள்ள டெஸ்டரைப் பக்கத்தில் உட்கார வையுங்கள்.